கடன் பத்திரச் சந்தையின் வாயைக் கட்டலாமா?

2022 ஜூலை தொடங்கி 2024 செப்டம்பர் வரை, அமெரிக்க அரசுக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த வருவாய், பத்து ஆண்டுகளுக்குக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்ததைவிட அதிகமாக இருந்தது. 2023 மார்ச்சில் அந்த இடைவெளி ஒரு சதவீதப் புள்ளியைத் தாண்டியது. 1981க்குப் பிறகு இவ்வளவு ஆழமான தலைகீழ் நிலையை அந்தச் சந்தை கண்டதில்லை. பொருளாதார மந்தநிலை வாசலில் நிற்கிறது என்று உலகம் முழுவதும் வணிகப் பக்கங்கள் எழுதின. மந்தநிலை வரவில்லை. அமெரிக்கப் பொருளாதாரம் 2023இல் 2.9 சதவீதமும் 2024இல் 2.8 சதவீதமும் வளர்ந்தது.

ஆருடம் பொய்த்துவிட்டது, கடன் காலத்துக்கேற்ப மாறும் வருவாயைக் காட்டும் இந்த வளைகோட்டை இனி பார்க்கவே தேவையில்லை என்று சொல்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். இது தவறான முடிவு. கடன் பத்திரச் சந்தை இன்றும் ஒரு நாட்டின் எதிர்காலம் பற்றி மிக நேர்மையாகப் பேசும் இடங்களில் ஒன்று. ஆனால், பேசுவது யார், மனதில் பட்டதைச் சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருக்கிறதா என்பதைக் கேட்காமல் அதைப் படிக்க முடியாது. இந்தக் கேள்வி அமெரிக்காவைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. இங்கே அரசுப் பத்திரம் வாங்குவோரில் பெரும்பாலோர், வாங்கியே தீர வேண்டும் என்று சட்டமோ விதியோ சொல்வதால் வாங்குகிறார்கள்.

காலத்துக்கு ஒரு விலை

அரசு பல காலக்கெடுகளில் கடன் வாங்குகிறது. இந்திய அரசு 91, 182, 364 நாட்களுக்கான கருவூலப் பில்களை ஏலம் விடுகிறது. 3 ஆண்டு முதல் 50 ஆண்டு வரையிலான பத்திரங்களையும் விற்கிறது. ஒவ்வொரு காலக்கெடுவுக்கும் சந்தையில் கிடைக்கும் வருவாய் விகிதத்தைப் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளை இணைத்தால் வருவது ‘யீல்டு கர்வ்’ எனப்படும் வருவாய் வளைகோடு. வழக்கமாக இது இடமிருந்து வலமாக மேலேறிச் செல்லும். அதிக காலம் பணத்தை விட்டுவைப்பவர் அதிகமாகக் கேட்பது இயல்புதானே.

பத்திரத்தின் வட்டி வெளியிடும்போதே முடிவாகிவிடும். அன்றாடம் மாறுவது அதன் விலை. ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரத்தை ஒருவர் 95 ரூபாய்க்கு விற்றால், வாங்குபவருக்கு 7 சதவீதத்துக்கும் மேல் கிடைக்கிறது. விலை இறங்கினால் வருவாய் விகிதம் ஏறும். விலை ஏறினால் அது இறங்கும்.

பத்து ஆண்டுகளுக்குக் கடன் கொடுப்பவர் இரண்டு கணக்குகளைப் போடுகிறார். அந்தப் பத்து ஆண்டுகளில் குறுகிய கால வட்டி சராசரியாக எவ்வளவு இருக்கும் என்பது ஒன்று. இடையில் பணவீக்கமோ அரசின் கடன் சுமையோ எதிர்பாராமல் கூடினால் தனக்கு வரும் நஷ்டத்துக்கு எவ்வளவு ஈடு வேண்டும் என்பது மற்றொன்று. மத்திய வங்கி இன்று வட்டியை உயர்த்தி வைத்திருக்கிறது, ஆனால் பொருளாதாரம் தளர்ந்து சீக்கிரமே குறைக்க நேரிடும் என்று சந்தை நம்பினால், இன்றைக்குக் கிடைக்கும் நீண்ட கால விகிதத்தைப் பிடித்துக்கொள்ள எல்லோரும் முந்துவார்கள். நீண்ட காலப் பத்திரத்தின் விலை ஏறும். அதன் வருவாய், குறுகிய காலப் பில்லின் வருவாய்க்கும் கீழே இறங்கும். வளைகோடு தலைகீழாவது இப்படித்தான்.

இது வெறும் அறிகுறியோடு நிற்பதில்லை. வங்கிகள் குறுகிய கால டெபாசிட்டுகளை வாங்கி நீண்ட காலக் கடன்களைக் கொடுப்பவை. இரண்டுக்கும் உள்ள வட்டி வித்தியாசம்தான் அவற்றின் பிழைப்பு. அந்த வித்தியாசம் சுருங்கும்போது புதிய கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். வீடு கட்டுவதும் தொழில் விரிவாக்கமும் தள்ளிப்போகும். மந்தநிலை வரும் என்று சொல்லும் வளைகோடே அதைக் கொஞ்சம் இழுத்தும் வருகிறது.

1986இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேம்பெல் ஹார்வி சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வு, இந்த வளைகோட்டின் சாய்வுக்கும் அடுத்து வரும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. பத்தாண்டுகள் கழித்துப் பொருளியலாளர்கள் அர்துரோ எஸ்த்ரெல்லா, ஃபிரெடெரிக் மிஷ்கின் ஆகியோர் அதை நிகழ்தகவுக் கணக்காக மாற்றினார்கள். பத்து ஆண்டுப் பத்திரத்துக்கும் மூன்று மாதப் பில்லுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, 12 மாதங்கள் கழித்து மந்தநிலை இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி இன்றும் மாதந்தோறும் வெளியிடுகிறது. 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்கா சந்தித்த ஒவ்வொரு மந்தநிலைக்கும் முன்னால் வளைகோடு தலைகீழானது. 2022க்கு முன், 1966இல் மட்டும் தலைகீழாகியும் மந்தநிலை வராமல் வெறும் தளர்ச்சியோடு நின்றது. வேறெந்தப் பொருளாதாரக் குறியீட்டுக்கும் இப்படிப்பட்ட வரலாறு கிடையாது.

இவ்வளவு இருந்தும், நம்ப வேண்டியவர்கள் நம்ப வேண்டிய நேரத்தில் நம்பவில்லை. 2004 ஜூன் முதல் 2006 ஜூன் வரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 17 முறை வட்டியை உயர்த்தி, ஒரு சதவீதத்திலிருந்து 5.25 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. பத்து ஆண்டுப் பத்திரத்தின் வருவாயோ கிட்டத்தட்ட அசையவே இல்லை. 2005 பிப்ரவரியில் ஃபெடரல் ரிசர்வின் அன்றைய தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் இதைப் புதிர் என்றார். அவருக்குப் பின் வந்த பென் பெர்னான்கி, தட்டையாகிவிட்ட வளைகோட்டைத் தளர்ச்சியின் அறிகுறியாகத் தான் எடுத்துக்கொள்ளவில்லை என்று 2006 மார்ச்சில் நியூயார்க்கில் பேசினார். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. சீனா உள்ளிட்ட நாடுகளின் மத்திய வங்கிகள் தங்கள் டாலர் கையிருப்பையெல்லாம் அமெரிக்கப் பத்திரங்களில் கொட்டிக்கொண்டிருந்தன. நீண்ட கால வட்டி அதனாலும் தாழ்ந்து கிடந்தது. ஆனாலும் 2007 டிசம்பரில் மந்தநிலை தொடங்கியது. ‘இந்த முறை கதை வேறு’ என்ற விளக்கம் சரியாக இருந்தும் முடிவு தவறாகிப்போன நேரம் அது.

வட்டி குறையும் என்றது, குறைந்தது

2022க்குப் பிறகு நடந்தது இதற்கு நேர்மாறு. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். 2022 மார்ச்சில் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்த வட்டியை, 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதத்துக்கு ஃபெடரல் ரிசர்வ் உயர்த்தியது. இந்த உயரத்தில் வட்டி நீடிக்காது, பணவீக்கம் அடங்கியதும் இறங்கும் என்று பத்து ஆண்டுப் பத்திரம் வாங்கியவர்கள் கணக்கிட்டார்கள். பணவீக்கம் அடங்கியது, 2024 செப்டம்பரில் வட்டிக் குறைப்பும் தொடங்கியது. வளைகோடு சொன்னது அவ்வளவுதான். வட்டி குறைய மந்தநிலைதான் வழி என்ற விளக்கத்தைப் பழைய வரலாற்றை வைத்துப் படித்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். தன் குறியீடு இந்த முறை தவறான எச்சரிக்கையாக முடியலாம் என்று 2023 தொடக்கத்திலேயே ஹார்வி சொன்னார். தான் கண்டுபிடித்த கருவியின் எல்லையைத் தானே வெளிப்படையாகச் சொன்ன அந்த ஆய்வாளரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மந்தநிலை வராததற்குக் காரணங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் குடும்பங்களில் பல, 2020, 2021 ஆண்டுகளில் மூன்று சதவீதத்தை ஒட்டிய நிலையான வட்டியில் 30 ஆண்டு வீட்டுக் கடனைப் பெற்றிருந்தன. வங்கியின் வட்டி ஏறினாலும் அவர்களுடைய மாதத் தவணை ஏறவில்லை. பெரிய நிறுவனங்களும் அப்படியே. அரசோ 2023, 2024 இரு ஆண்டுகளிலும் ஜிடிபியில் 6 சதவீதத்துக்கும் மேல் பற்றாக்குறை வைத்துச் செலவழித்தது. போதாக்குறைக்கு, 9 லட்சம் கோடி டாலரை நெருங்கிய ஃபெடரல் ரிசர்வின் சொத்துகளில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களும் வீட்டுக் கடன் பத்திரங்களும்தான். இவ்வளவு பெரிய ஒரு கை நீண்ட காலப் பத்திரங்களைப் பிடித்து வைத்திருக்கும்போது, வளைகோட்டின் வலது முனை தானாக நிற்கும் இடம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் வளைகோட்டின் அழுத்தம் எங்கேயோ வெடிக்கத்தான் செய்தது. கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி, தன்னிடம் குவிந்த டெபாசிட்டுகளை வட்டி தாழ்ந்திருந்த காலத்தில் நீண்ட காலப் பத்திரங்களில் போட்டிருந்தது. வட்டி ஏறியதும் பத்திரங்களின் விலை சரிந்தது. பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்று வங்கி அறிவித்தவுடன், 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திரும்பக் கேட்டார்கள் வாடிக்கையாளர்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. வளைகோடு மிக ஆழமாகத் தலைகீழாக இருந்த அதே வாரம் அது. மந்தநிலை வருமா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், காலுக்கடியில் வங்கிகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத் தவறினார்கள்.

இந்தியாவில் யார் பேசுகிறார்கள்?

1992 வரை இந்தியாவில் அரசுப் பத்திரங்களின் வட்டியைச் சந்தை தீர்மானிக்கவில்லை; அரசும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து நிர்ணயித்தன. வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 38.5 சதவீதத்தை அரசுப் பத்திரங்களிலும் அதுபோன்ற சொத்துகளிலும் வைக்க வேண்டும் என்ற விதி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்தது. அரசுக்குப் பணம் போதாதபோது ரிசர்வ் வங்கி வெறும் 4.6 சதவீத வட்டிக்குப் பில்களை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. 1997இல்தான் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1991 அந்நியச் செலாவணி நெருக்கடியை எச்சரிக்க ஒரு வளைகோடே நம்மிடம் இருக்கவில்லை.

இன்று நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஏலம் நடக்கிறது, விலை வெளிப்படையாகத் தெரிகிறது. 2021 நவம்பர் முதல் தனிநபர்கள் ரிசர்வ் வங்கியிடமே கணக்குத் தொடங்கிப் பத்திரம் வாங்கலாம். 2024 ஜூனில் இந்தியப் பத்திரங்கள் ஜே.பி.மோர்கனின் வளரும் நாடுகளுக்கான குறியீட்டில் சேர்ந்தன. ஆனாலும் வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பங்கு சிறியது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மட்டுமே மத்திய அரசின் பத்திரங்களில் பாதிக்கு மேல் வைத்திருக்கின்றன. வங்கிகள் டெபாசிட்டில் 18 சதவீதத்தை இந்த வகைச் சொத்துகளில் வைத்தாக வேண்டும். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் குறைந்தது பாதியை அரசு சார்ந்த பத்திரங்களில் போட வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கும் இப்படி ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. இவர்கள் அரசின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை இவர்கள் கொடுக்கும் விலையில் முழுமையாகத் தெரியாது.

அதனால்தான் இந்திய வளைகோட்டை அமெரிக்கச் சூத்திரத்தில் படித்தால் பிசகும். 2013 மே மாதம், ஃபெடரல் ரிசர்வ் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கலாம் என்று பெர்னான்கி சொன்னதும் டாலர் வெளியேறி ரூபாய் சரிந்தது. அதைத் தடுக்க ஜூலை 15 அன்று ரிசர்வ் வங்கி அவசரக் கடனுக்கான வட்டியை 10.25 சதவீதமாக உயர்த்தியது. வங்கிகளுக்கான பணப் புழக்கத்தையும் இறுக்கியது. குறுகிய காலப் பில்களின் வருவாய் 11 சதவீதத்தை எட்ட, பத்து ஆண்டுப் பத்திரமோ 9 சதவீதத்தை ஒட்டி நின்றது. அப்பட்டமான தலைகீழ் வளைகோடு. ஆனால் அடுத்து வந்தது மந்தநிலை அல்ல. வளர்ச்சி விகிதம் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தது. அந்த வளைகோடு சொன்னது ரூபாயைக் காக்கும் போரைப் பற்றி மட்டுமே.

2020இல் வேறொரு முனையில் கை வைக்கப்பட்டது. பெருந்தொற்றால் மத்திய அரசு தன் சந்தைக் கடன் திட்டத்தை 7.8 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 12 லட்சம் கோடியாக உயர்த்தியது. இவ்வளவு பத்திரம் வந்தால் விலை சரிய வேண்டும். ரிசர்வ் வங்கி அந்த நிதியாண்டில் 3 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் பத்திரங்களைச் சந்தையிலிருந்து வாங்கிக்கொண்டது. தான் விரும்பிய விலை வராதபோது ஏலத்தில் வந்த விண்ணப்பங்களை நிராகரித்தது. பத்து ஆண்டு வருவாய் 6 சதவீதத்தை ஒட்டி நின்றது. வளைகோடு சீராக இருப்பது எல்லோருக்கும் பொதுவான நன்மை என்றார் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ்.

அந்த ஆண்டின் நெருக்கடியில் அது சரியான நடவடிக்கைதான். வேலையிழந்து நடந்தே ஊர் திரும்பியவர்கள் சாலையில் இருந்தபோது, அரசின் வட்டிச் செலவைக் கட்டுக்குள் வைத்தது நியாயம். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பேச வேண்டும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதம். அந்த நிதியாண்டின் சராசரிப் பணவீக்கம் 6 சதவீதத்துக்கும் மேல். வங்கி டெபாசிட் வட்டியை நம்பி வாழும் ஓய்வுபெற்றவர்கள், தங்கள் சேமிப்பின் மதிப்பு மாதாமாதம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் விவாதித்து விதிக்கப்படும் வரி அல்ல இது. ஆனால் விளைவில் வரிதான். வளைகோட்டின் சீரான தோற்றத்தைப் பொது நன்மை என்று சொன்னால், அதற்கான செலவையும் பொதுவில் வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

கட்டு கொஞ்சம் தளரும்போது இதே சந்தை எவ்வளவு பயனுள்ளதைப் பேசும் என்பதற்கு 2025 நல்ல சான்று. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது. ஜூன் 6 அன்று ஒரேயடியாக அரை சதவீதப் புள்ளியைக் குறைத்து ரெப்போவை 5.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. குறுகிய கால வருவாய் இறங்கியது. நீண்ட கால வருவாயோ ஏறியது; 30 ஆண்டுப் பத்திரம் 7 சதவீதத்தைத் தாண்டியது. இனி குறைப்புக்கு அதிக இடமில்லை என்று ரிசர்வ் வங்கி உணர்த்தியது ஒரு காரணம். மாநிலங்கள் நீண்ட காலக் கடனை அதிகமாகத் திரட்டுவதும், காப்பீட்டு நிறுவனங்களின் பசி முன்பு போல் இல்லாததும், ஜிஎஸ்டி குறைப்பால் அரசுகளின் வருவாய் என்னாகும் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டன. அரசும் அதைக் காதில் வாங்கியது. நிதியாண்டின் இரண்டாம் பாதியில் மிக நீண்ட காலப் பத்திரங்களின் பங்கைக் குறைத்தது. சந்தை சொன்னது, அரசு கேட்டது. இப்படித்தான் நடக்க வேண்டும்.

கொழும்பில் நடந்தது

சொல்ல விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2019 டிசம்பரில் பெரும் வரிக் குறைப்பு வந்தது. அரசின் வருவாய் விழுந்தது. கருவூலப் பில் ஏலங்களில் ஏற்கப்படும் வருவாய்க்கு மத்திய வங்கி உச்சவரம்பு வைத்தது. அந்த விலைக்கு ஆள் வராதபோது மிச்சத்தைத் தானே வாங்கிக்கொண்டது. 2019 முடிவில் பத்தாயிரம் கோடி இலங்கை ரூபாய்கூட இல்லாத அதன் அரசுப் பத்திரக் கையிருப்பு, 2021 முடிவில் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. அப்போதும் 91 நாள் பில்லின் வருவாய் 8 சதவீதம்தான். 364 நாள் பில்லும் ஏறக்குறைய அதே அளவு. வளைகோட்டைப் பார்த்தவருக்கு நாடு அமைதியாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். ஆளில்லாத ஏலங்களின் முடிவுகளைப் பார்த்தவர்களுக்கே உண்மை தெரிந்தது.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் வட்டியை உயர்த்தியது. நான்கே நாட்களில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. ஆண்டு முடிவில் 91 நாள் பில்லின் வருவாய் 32 சதவீதத்துக்கும் மேல், 364 நாள் பில் 29 சதவீதத்துக்கும் மேல். வளைகோடு வாய்திறந்தபோது பொருளாதாரம் ஏற்கெனவே 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியிருந்தது. எச்சரிக்கையாக வந்திருக்க வேண்டியது, நடந்து முடிந்ததன் பதிவாக வந்தது.

பிறகு வந்தது என் மனதை இன்னும் உறுத்துகிறது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளிடம் இருந்த பத்திரங்கள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியம் தன் பத்திரங்களைக் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றிக்கொண்டது. மறுத்தால் கூடுதல் வரி என்பது நிபந்தனை. ஆடைத் தொழிற்சாலைகளில் தைப்பவர்கள், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழர்கள் என்று மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி இந்த நிதியத்துக்குப் போகும் எல்லோரும் அந்தச் சுமையைத் தாங்கினார்கள். ஏலத்தில் எந்த விலைக்கு வாங்குவது என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. கட்டாய வாங்குபவர்களின் பணம் எப்போதுமே இப்படித்தான் முதலில் கைக்கெட்டுகிறது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும்

இந்தியா இலங்கை அல்ல. நம் கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாயில் இருக்கிறது, வரி அடித்தளம் அகலமானது. ஆனால் சந்தையின் வாய் கட்டப்பட்டிருக்கும் ஓர் இடம் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. மாநில அரசுகளின் பத்திரங்களை ரிசர்வ் வங்கி பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ஏலம் விடுகிறது. அதிகமாகக் கடன் திரட்டும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நிதி நிலையைச் சீராக வைத்திருக்கும் மாநிலமும், சம்பளத்துக்கே கடன் வாங்கும் மாநிலமும் ஏறக்குறைய ஒரே வட்டியில் பணம் பெறுகின்றன. வித்தியாசம் பல நேரங்களில் சதவீதத்தின் நூறில் சில பங்குகள் மட்டுமே. எந்த மாநிலப் பத்திரமாக இருந்தாலும் வங்கிகளின் கட்டாயக் கையிருப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கடன் திரும்பாமல் போகும் அபாயத்துக்கென்று வங்கி மூலதனம் ஒதுக்க வேண்டியதில்லை. மத்திய அரசோ ரிசர்வ் வங்கியோ கைவிடாது என்ற நம்பிக்கையும் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுபோல இருக்கிறது. பொறுப்பாக நடக்கும் அரசுக்குப் பரிசும் இல்லை, மற்றவர்களுக்கு எச்சரிக்கையும் இல்லை.

வேறுபாட்டைக் கூட்டினால் ஏழை மாநிலங்கள் பாதிக்கப்படும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்த மாநிலங்களுக்கு உதவ நிதிக்குழு இருக்கிறது. வெளிப்படையாகக் கணக்கிட்டுப் பணத்தைப் பகிர்ந்து கொடுப்பதே அதன் வேலை. அந்த உதவியை வங்கி டெபாசிட்காரர்களும் காப்பீட்டுதாரர்களும் தங்களுக்கே தெரியாமல் பத்திர விலை வழியாகக் கொடுக்கக் கூடாது. வங்கிகளின் 18 சதவீதக் கட்டாயத்தை முன்கூட்டியே அறிவித்த அட்டவணைப்படி படிப்படியாகக் குறைக்கலாம். மாநிலங்கள் வரவு செலவுக்கு வெளியே நிறுவனங்கள் வழியாக வாங்கும் கடனையும் அரசு உத்தரவாதங்களையும் ஏல அறிவிப்போடு சேர்த்து வெளியிடச் செய்யலாம். சந்தையில் தலையிட வேண்டிய நெருக்கடி வந்தால் ரிசர்வ் வங்கி தலையிடட்டும். எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, எந்த அளவுவரை என்பதை அன்றே எழுதி வெளியிடட்டும். நம் வளைகோட்டில் நம் பெயரில் எழுதப்படும் கடனுக்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை, வருங்கால வைப்பு நிதியில் மாதந்தோறும் பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.